கடலோர முகாம் வண்டிக்கு ஏசி தேர்ந்தெடுத்தல்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில், முட்டுக்காட்டில் தொடங்கிக் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகப் பாலாற்று முகத்துவாரம் வரை நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், காரின் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் சிறிய முகாம் வண்டியொன்றை நிறுத்திக் கோடை இரவைக் கழிக்க விரும்புகிறவர், ஏசி வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். அங்கே உறக்கத்தைக் கெடுப்பது வெயிலின் உஷ்ணம் மட்டுமன்று. அதனினும் பெரிய காரணம் காற்றிலுள்ள ஈரம். அந்த ஈரத்தோடு சேர்ந்து வருவது உப்பு. இவ்விரண்டையும் கருதாமல், வீட்டு அறைக்கு வாங்குவதுபோல டன் கணக்கை மட்டும் விசாரித்து வாங்கும் யந்திரம் அதற்குரிய ஆயுளை எட்டுவது அரிது; ஓடுகிற காலத்திலும் அது தரும் சுகம் அரைகுறையாகவே இருக்கும்.

மே மாதம் நான்காம் தேதி வாக்கில் பிறந்து இருபத்தெட்டாம் தேதி வாக்கில் கழிகின்ற கத்திரி வெயிலில், செங்கற்பட்டு நகரமும் கடலோர ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒரே தட்பவெப்பத்தில் இருப்பதில்லை. உள்நாட்டில், கொளவாய் ஏரிக்கரையிலும் பாறைக்குன்றுகளின் அடிவாரத்திலும், பகல் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவதுண்டு. கடலோரத்திலோ, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் வெப்பம் ஏறாமல் அங்கேயே நின்றுவிடும். மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுத்து வீசிக் கடற்காற்றைக் கரையேற விடாமல் தடுக்கும் நாட்களில்தான் கடலோரமும் அனலாய்க் கொதிக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று என்பதை நினைவில் வைத்தால், இந்தப் பிரதேசத்தின் கோடை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பது விளங்கும். ஆயினும் முகாமிடுபவர் ஏசியைப் பெரிதும் நாடுவது இரவில் அல்லவா? கடலோர இரவில் வெப்பமானி முப்பது டிகிரிக்குமேல் காட்டாமல் இருக்கும்போதே, ஈரப்பதம் எண்பது சதவிகிதத்தை எட்டியிருக்கும். அத்தகைய காற்று நாலைந்து டிகிரி குளிர்ந்தால் போதும், தன் நீரைக் கண்ட இடத்தில் படியவிடத் தொடங்கிவிடும். அந்தக் காற்றில் உடம்பின் வியர்வை எளிதில் உலராது. தலையணை உறையும் போர்வையும் சிறிது நேரத்தில் பிசுபிசுக்கும்.

1902ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் நவீனக் குளிர்சாதனத்தை வகுத்தபோது, அவருக்கு இடப்பட்ட வேலை மனிதர்களைக் குளிர்விப்பதன்று. ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமற்போவதைத் தடுப்பதே. காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுப்பது இந்த யந்திரத்தின் மூல தர்மம். நம் கடற்கரைக்கு ஏசி தேர்ந்தெடுப்பவர் அந்த மூல தர்மத்தையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் மக்கள் மனத்தில் தோன்றுவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நிற்கும், நடிகர் நடிகையர் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான். அது பஸ் அல்லது வேனின் சட்டத்தின்மேல் கூண்டு கட்டப்பட்டது. ஜெனரேட்டர் வசதியோடு வருவது. அதைக் கவனித்துக்கொள்ள ஆள் உண்டு. ஆகையால் அதில் ஒன்றரை டன், இரண்டு டன் என்று எதை வேண்டுமானாலும் பொருத்தி நாள் முழுதும் ஓடவிடலாம். நாம் பேசும் வண்டியோ பத்தடி நீளமும் ஆறரை அடி அகலமும் ஆறடி உயரமும் கொண்டது. இருவர் படுக்கவும் ஒரு மூலையில் காப்பி போடவும் இடமுள்ளது. இத்தகைய வண்டி நம் பக்கத்தில் இன்னும் அபூர்வமாகையால், இதற்கென்றே செய்யப்பட்ட ஏசி கடைகளில் கைக்கெட்டக் கிடைப்பதில்லை; வீட்டுக்குச் செய்யப்பட்டவற்றுள் ஏற்றதைத் தேர்ந்து, பக்குவமாகப் பொருத்திக்கொள்வதே நடைமுறையில் சாத்தியமான வழி.

இனி டன் கணக்கைப் பார்ப்போம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது ஏறக்குறைய 3,517 வாட் அளவு உஷ்ணத்தை அறையிலிருந்து வெளியேற்றும் சக்தி. மேலே சொன்ன அளவுள்ள வண்டிக்குக் கூரை, தரை, சுவர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய முந்நூற்று முப்பது சதுர அடி வெளிப்பரப்பு இருக்கிறது. வெளியே 38 டிகிரியும் உள்ளே 25 டிகிரியும் இருப்பதாக வைத்துக்கொண்டு, சுவர்களுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அங்குல கனத்துக்குப் பஃப் பேனல் என்னும் வெப்பத்தடுப்புப் பலகை கொடுக்கப்பட்டிருந்தால், பரப்பின் வழியாக ஊடுருவுவது, கூரைமீது விழும் வெயில், நிழலிட்ட ஜன்னல், உள்ளே இருக்கும் இருவரின் உடற்சூடு, கதவிடுக்கில் புகும் ஈரக்காற்று ஆகிய அனைத்தும் கூடி 1,500 வாட் அளவில் அடங்கிவிடும். அதே வண்டி வெறுந்தகட்டால் ஆனதாக இருந்தால் கணக்கு 4,000 வாட்டையும் தாண்டும். முதல் வண்டிக்கு முக்கால் டன் தாராளம். இரண்டாவது வண்டிக்கு ஒரு டன்னும் போதாது. இந்த வேறுபாடு முழுவதையும் உண்டாக்குவது ஒரு அங்குலப் பலகை. ஆகவே, கையில் இருக்கும் பணம் ஏசிக்கும் வெப்பத்தடுப்புக்கும் சேர்ந்து போதாதென்றால், முதலில் வெப்பத்தடுப்பைச் செய்துகொண்டு ஏசியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போடுவதே விவேகம்.

பெரிதாக வாங்கிவிட்டால் சீக்கிரம் குளிரும், குறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்வது வழக்கம். சீக்கிரம் குளிரும் என்பது மெய்தான். ஆனால் காற்றிலுள்ள நீர், குளிர்ந்த காயிலின்மேல் படிந்து, துளியாகத் திரண்டு, வடிகுழாய் வழியே வெளியேறுவதற்கு யந்திரம் இடைவிடாமல் நெடுநேரம் ஓடியாக வேண்டும். ஒன்றரை டன் ஏசி இந்தச் சிறிய கூண்டைச் சில நிமிஷங்களில் 24 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு, கம்ப்ரசரை நிறுத்திக்கொள்ளும். விசிறி மட்டும் சுழலும்போது காயிலில் தங்கிய நீர் மறுபடியும் காற்றிலேயே கலக்கும். விளைவு, குளிர்ந்தும் ஈரம் போகாத அறை: நெற்றி சில்லென்றிருக்க, முதுகுக்கடியில் விரிப்பு நசநசக்கும். இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரசர் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்வதால் இந்தக் குற்றம் குறையும். ஆனால் மிகக் குறைந்த வேகத்தில் காயில் போதிய அளவு குளிராதாகையால், அங்கும் பெரிய அளவு பிரயோஜனப்படாது. முக்கால் டன் அல்லது 0.8 டன் இன்வெர்ட்டரை, விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, இரவில் ஈரம் மிகும்போது உலர்த்தும் நிலையில், அதாவது ‘டிரை’ என்று ரிமோட்டில் குறித்திருக்கும் நிலையில் ஓடவிடுவதே இந்தக் கடற்கரைக்கு உகந்தது. 2020 ஜனவரி முதல், நட்சத்திரச் சீட்டு ஒட்டிய ஏசிகள் தாமாக 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டுமென்பது சட்டம்; முகாம் வண்டிக்கு 25 அல்லது 26 இன்னும் மேல். அதற்குக் கீழே இறக்கினால், வெளியிலிருக்கும் ஈரக்காற்று கூண்டின் இரும்புச் சட்டங்கள்மீது வியர்த்து, அந்த நீர் ஒட்டுப்பலகையின் விளிம்புகளில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமலே பலகையை ஊறவைத்துவிடும்.

நட்சத்திரச் சீட்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் கணிப்பதற்கான சோதனையில் அறைக்குள் 27 டிகிரி வெப்பமும் ஐம்பது சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைந்த ஈரப்பதமும் வைத்திருப்பார்கள். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாகக் கணக்கிடுவார்கள். மாமல்லபுரத்து மே மாத இரவு அந்தச் சோதனை அறையன்று. ஐந்து நட்சத்திரம் என்பது மின்செலவுக்கு நல்ல சாட்சி. ஈரத்தை நீக்கும் திறமைக்குச் சாட்சி ஆகாது. ஆண்டில் சில வாரங்களே ஓடப்போகும் யந்திரத்துக்கு மூன்று நட்சத்திரம் போதும். மிஞ்சும் பணத்தைக் காயிலை உப்பிலிருந்து காக்கும் பூச்சுக்குச் செலவிடலாம்.

எந்த வகையை வாங்குவது என்பதில்தான் மிகுதியான அபிப்பிராய பேதம். அமெரிக்க நாட்டு முகாம் வண்டிகளில் கூரைமீது அமரும் ஏசியே பெருவழக்கு, பதினான்கு அங்குலச் சதுரத் துவாரத்தில் அது பொருந்தும், ஆனால் அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது, 13,500 பி.டி.யு. என்ற அதன் வழக்கமான அளவே ஒரு டன்னுக்கு மேற்பட்டது. 230 வோல்ட்டும் 50 ஹெர்ட்ஸும் உள்ள நம் தேசத்தில் அதை ஓட்ட வேண்டுமானால் வீண் சிரமம். உதிரிபாகம் கிடைக்காத யந்திரத்தைக் கூரைமேல் சுமந்து திரிவதாகவே முடியும். சக்கரம் வைத்து அறைக்குள் உருட்டிக்கொள்ளும் ஒற்றைக் குழாய் ஏசியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அது உள்ளிருக்கும் குளிர்ந்த காற்றையே குழாய் வழியாக வெளியே தள்ளுவதால், தள்ளிய அளவுக்கு வெளியிலுள்ள ஈரக்காற்று ஒவ்வொரு இடுக்கின் வழியாகவும் உள்ளே புகும். கடற்கரையில் இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு வேறில்லை. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. லாரிகளில் எஞ்சினை நிறுத்தியபின் பேட்டரியில் ஓடும் ஏசி வகைகளும் சந்தையில் உண்டு. ஆனால் 800 வாட் ஏசியை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் எழுபது ஆம்பியர் வரை கம்பியில் பாயும் என்பதை அறியாமல் அதை வாங்கிப் பொருத்துவது தீவிபத்துக்கு வழி.

மிஞ்சுவன ஸ்பிளிட்டும் விண்டோவும். வீட்டுக்கு ஸ்பிளிட்டே சிறந்தது. சத்தம் குறைவு, தோற்றமும் அழகு. வண்டிக்கோ அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. உள்ளேயுள்ள பெட்டியையும் வெளியேயுள்ள பெட்டியையும் இணைக்கும் செம்புக் குழாய்களைத் திருகு நட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். வண்டி வேகத்தடைகளிலும் கல்சாலையிலும் குலுங்கக் குலுங்க, அந்த நட்டுகள் மயிரிழை தளர்ந்து கேஸ் கசியும். இக்காலத்து ஏசிகளில் நிரப்பும் ஆர்-32 மெதுவாகவேனும் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேனேயாகையால் எளிதில் பற்றக்கூடியது. அடுப்பும் படுக்கையும் ஒரே அறைக்குள் இருக்கும் வண்டியில் அத்தகைய கசிவை அலட்சியம் செய்யலாகாது. விண்டோ ஏசியிலோ குழாய்கள் யாவும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை. கையால் திருகிய இணைப்பு ஒன்றுமில்லை. அதன் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டேனும் விண்டோவையே வாங்குங்கள் என்பது என் தீர்ப்பு. நாற்பது கிலோ அளவு கனமுள்ள அதை வண்டியின் பின்சுவரில் வைத்தால் வால் பக்கம் பாரம் ஏறி, சாலையில் வண்டி அலையும். இழுவைச் சட்டத்துக்கு மேலுள்ள முன்சுவரில், கீழே இரும்புத் தாங்கியும் ரப்பர் மெத்தையும் கொடுத்து, பக்கவாட்டுத் துளைகள் முழுவதும் கூண்டுக்கு வெளியே இருக்கும்படி பொருத்துவதே முறை. பிரயாணத்தின்போது காரின் சக்கரம் வாரியிறைக்கும் கல்லும் சேறும் படாதிருக்க, கழற்றி மாட்டும் மூடி ஒன்றும் வேண்டும்.

உப்பைப் பற்றி இந்தப் பிரதேசத்தில் எவருக்கும் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் கருங்கற் சிற்பங்களே உப்புக்காற்றால் முகம் மழுங்கிப் போயிருக்கின்றன. கல்லிலேறிய உப்பைத் தொல்லியல் துறையார் காகிதக் கூழ் பூசி உறிஞ்சியெடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு வளர்த்திருக்கிறார்கள். கருங்கல்லுக்கே அந்தக் கதி என்றால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியத் தகடு எம்மாத்திரம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதேனும் ஒரு பழுதுபார்க்கும் கடையில், கடலோர வீட்டிலிருந்து கழற்றி வந்த பெட்டியொன்றைத் திருப்பிப் பாருங்கள். செம்புக் குழாய் உறுதியாக நிற்கும். அதைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகள் வெண்பொடியாகிப் பெருவிரலால் அழுத்தினாலே உதிரும். உப்புநீர் நடுவில் நிற்க, செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியமே கரைந்து செம்பைக் காக்கும் என்பது மின்வேதியியல் நியதி. ஆகையால் தகடுகளுக்கு நீலம் அல்லது பொன்னிறப் பூச்சுக் கொடுக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குவதோடு, முழுவதும் அலுமினியத்தாலான காயிலைவிடச் செம்புக் குழாயையே விரும்ப வேண்டும். ஏனெனில், ஓட்டை விழுந்தால் செம்பைச் செங்கற்பட்டிலேயே பற்றவைத்துக் கொடுக்க ஆளிருக்கிறது. திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

முகாம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் காயிலைக் கழுவ வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். கடலோரக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. அந்த நீரால் கழுவுவதும் கழுவாமலிருப்பதும் ஒன்றே. ஆனால் நல்ல தண்ணீர் ஏசியிடமே இருக்கிறது. ஈரமான இரவில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வடிகுழாயில் இறங்கும் நீர், காற்றிலிருந்து திரண்டு வந்ததாகையால் உப்பற்றது. வடிகுழாயின் நுனியில் ஒரு வாளியை வைத்துவிட்டால், விடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காயிலை மேலிருந்து கீழாக நனைத்துக் கழுவ அது போதும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, விடுதி வளாகத்தில் நிறுத்துபவர் பவர் பிளக்கிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இணைப்பெடுக்க வேண்டும். கம்பிச் சுருளை முழுவதும் பிரித்து விரித்தே பயன்படுத்த வேண்டும், சுருட்டியபடி ஓட்டினால் சூடேறி உருகும். உலர்ந்த மணலில் எர்த் நன்றாகப் பிடிக்காதாகையால் மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வண்டியில் ஏசியை இயக்கக்கூடாது. மாலையில் வோல்டேஜ் குறையும் ஊர்களுக்கு ஸ்டெபிலைசரும் வேண்டும். பேட்டரியை நம்புபவருக்கு ஒரு கணக்கு: முக்கால் டன் இன்வெர்ட்டர் இரவில் எட்டு மணி நேரம் நிதானமாக ஓடினால் மூன்று யூனிட்டுக்குமேல் செலவாகும், 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் அடங்கியிருப்பதோ இரண்டரை யூனிட். இரண்டு பேட்டரி இல்லாமல் விடியாது. கூரையில் சூரியப் பலகை அமைப்பவர், பலகைக்கு வெயிலும் படுக்கைக்கு நிழலும் வேண்டியிருப்பதை மறக்கலாகாது. ஆனால் பலகைக்கும் கூரைக்கும் இடையே மூன்று நான்கு அங்குலம் காற்றோட இடம் விட்டால் பலகையே ஒரு குடையாகிக் கூரையின் சூட்டைத் தணிக்கும்.

ஜெனரேட்டர் விஷயத்தில் மட்டும் வாசகரிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொல்லும். பகலில் நம் கடற்கரையில் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுவதால், ஜெனரேட்டரை வண்டிக்கு மேற்கே வைப்பது இயல்பாகத் தோன்றும். பகலுக்கு அது சரியும்கூட. இரவு ஏறியபின் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசத் தொடங்கினால், அதே ஜெனரேட்டரின் புகை நேரே வண்டிக்குள் வரும். ஆகவே எல்லாரும் உறங்கும் நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டவே வேண்டாம். ஓட்டித்தான் ஆகவேண்டுமென்றால் நீண்ட கம்பி கொண்டு தொலைவில் வைத்து, வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தியபின் ஓட்டுக.

நிறுத்தும் இடத்துக்குச் சவுக்குத் தோப்பே உத்தமம். நிழலும் தரும், உப்புக்காற்றையும் வடிகட்டும். அதன் ஊசிச்சருகு ஏசியின் பின்புறத் தகடுகளில் அடைந்துகொள்ளுமாகையால் காலையில் மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும். தென்னந்தோப்பில் மட்டையும் நெற்றும் விழாத இடமறிந்து நிறுத்துக. கார்த்திகை முதல் மாசி வரை இந்தக் கடற்கரையில் தங்குபவருக்கு ஒரு நல்ல மின்விசிறி போதும். ஏசிக்காகச் செலவு செய்ய அவசியமில்லை.

கோடையில்தான் போகப்போகிறீர்கள் என்றால், பொருத்தும் வேலையை மாசியிலேயே முடித்துவிடுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் நல்ல மெக்கானிக்குகளின் கை ஓயாது. பொருத்தி முடிந்ததும் கடற்கரைக்கு ஓட்டிப்போய்விடாமல், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை ஒருமுறை இழுத்துச் சென்று திரும்பி, தாங்கியின் ஆணிகளை மறுபடி இறுக்கி, வீட்டு வாசலிலேயே ஓர் இரவு அந்த வண்டிக்குள் படுத்துப் பாருங்கள்.